நாலு தெரு தள்ளி இருக்கறவள மறக்கறது எப்டி

பிரேக்கப் ஆனா காண்டாக்ட கட் பண்ணிடுன்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடறாங்க, தண்டையார்பேட்டைல இருந்துக்கினு அது எப்டிங்க முடியும், அவ வீடு நாலு தெரு தள்ளி, அவ தம்பி நம்ம கூட கேரம் ஆடறவன், அவங்கம்மாவும் எங்கம்மாவும் தண்ணி லாரி வந்தா ஒரே வரிசைல குடத்தோட நிக்கறவங்க. அதனால ஆள மறைக்க முடியாது, நம்ம போற வழியத்தான் மாத்தணும்.

டோல்கேட்ல இருந்து பாரிஸ் கார்னர் போற ஷேர் ஆட்டோதான் எனக்கு பழக்கம், அவளும் அதே டைமுக்கு அங்கதான் நிப்பா. ரெண்டு மாசம் மெட்ரோல போனேன். காசு கூடதான், பரவால்ல. டீக்கடையும் மாத்துங்க.

அப்புறம் போன். நான் பிளாக் பண்ணேன், நைட்டு அன்பிளாக் பண்ணி டிபி பாத்துட்டு காலைல மறுபடி பிளாக், இதே பொழப்பா போச்சு. வாட்ஸ்அப்ல அந்த சேட்ட ஆர்க்கைவ்ல போட்டு, புது மெசேஜ் வந்தாலும் அங்கயே இருக்கற மாதிரி செட்டிங்க்ஸ்ல ஆன் பண்ணிடுங்க, இன்ஸ்டால மியூட். போட்டோவ ஆத்திரத்துல அழிக்காதீங்க, பென்டிரைவ்ல போட்டு அக்கா கிட்ட குடுத்துருங்க. 2010ல ஹெலன் ஃபிஷர்னு ஒரு ஆராய்ச்சியாளர் டீம், லவ்வுல கழட்டி விடப்பட்டவங்களுக்கு அந்த ஆளோட போட்டோவ காட்டி மூளைய ஸ்கேன் எடுத்தாங்க, கொக்கைனுக்கு ஏங்கறவங்களுக்கு வேலை செய்ற இடங்கள்ல சிலது இவங்களுக்கும் வேலை செஞ்சுதாம். டிபி பாக்கற கை ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

ரொம்ப உஷாரா இருக்க வேண்டியது ஃப்ரெண்ட்ஸ் கிட்ட. "மச்சி நா போய் பேசிப் பாக்கறன்டா"ன்னு ஒருத்தன் கெளம்புவான், கால்ல விழுந்தாவது நிறுத்துங்க, அவ வேணாம்னு சொன்னா வேணாம்தான், தெரு முனைல போய் நிக்கறது, அவ தம்பி கிட்ட நியூஸ் கேக்கறது எல்லாம் அசிங்கம், ஏரியால சண்டையா ஆயிட்டா அவ பேருதான் முதல்ல நாறும். இன்னொருத்தன் சரக்கு வாங்கினு வருவான், அடிச்சா தூக்கம் வரும்தான், ஆனா 3 மணிக்கு முழிப்பு வந்துரும், கைல போன் இருக்கும், அப்ப அனுப்பற மெசேஜ காலைல நம்மளாலயே படிக்க முடியாது. பொறுமையா கேக்கற ஒருத்தன் போதும், அவன் கிட்ட மட்டும் அழுங்க.

தூக்கம் வரலன்னா பெரண்டுக்கினே கெடக்காம விடிகாலைல காசிமேடு பக்கம் நடங்க, மீன் ஏலம் விடற சத்தத்துல நம்ம மைண்டு வாய்ஸ் நமக்கே கேக்காது. சோறு மட்டும் வேளைக்கு சாப்டுருங்க.

வாரக்கணக்கா எழுந்திரிக்கவே முடியல, செத்துடலாம் போல இருக்குன்னா அதுக்கு இந்த டிப்ஸ்லாம் பத்தாது, உடனே 14416க்கு போன் போடுங்க, டெலி மனாஸ்னு கவர்மெண்ட்டோட மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீதான், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயும் மனநல டாக்டருங்க இருக்காங்க.

எதிர்ல வந்துட்டா? லேசா தலைய ஆட்டிட்டு நடந்துருங்க. ஏழு மாசம் கழிச்சு திருவொற்றியூர் தேரடில பாத்தேன், அவ அப்டித்தான் போனா, நானும் அப்டித்தான் போனேன், அவங்கம்மா மட்டும் நின்னு "இன்னாப்பா இப்டி எளச்சிட்ட"ன்னு கேட்டாங்க.