ஒரே வேரியபிள், பல சி ஃபைல்கள்: எம்பெடட் சி-யில் எக்ஸ்டெர்ன்

ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் அட்மெகா328பி சிப்பை எடுத்துக்கொள்வோம். மில்லி விநாடிக்கு ஒருமுறை டைமர் இன்டரப்ட் (ஓடும் கோடை இடைநிறுத்தி வேறு கோடை ஓட்டும் சிக்னல்) வந்து, டிக்ஸ் என்ற 16 பிட் வேரியபிளில் ஒன்றைக் கூட்டுகிறது. இன்டரப்ட் கோடு இருப்பது டைமர்.சி-யில். அதே எண்ணிக்கை மெயின்.சி-க்கும் டிஸ்ப்ளே.சி-க்கும் வேண்டும். (கீவேர்டுகளை இங்கே தமிழில் தருகிறேன், எடிட்டரில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

படி 1. மெமரி ஒதுக்கும் வரி ப்ராஜெக்ட் முழுக்க ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். டைமர்.சி-யில், ஃபங்ஷன்களுக்கு வெளியே:

வோலட்டைல் யூஇன்ட்16_டி டிக்ஸ் = 0;

வோலட்டைலை விட்டுவிடாதீர்கள். விட்டால், ஆப்டிமைசேஷன் ஆன் செய்ததும் கம்பைலர் பழைய மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, டிக்ஸ் மாறக் காத்திருக்கும் வைல் லூப்பை முடிவில்லாமல் சுற்றவிடலாம்.

படி 2. டைமர்.எச்-இல், இன்க்ளூட் கார்டுக்குள் (ஒரே சி ஃபைலில் எச் ஃபைல் இருமுறை சேர்வதைத் தடுக்கும் வரிகள்):

எக்ஸ்டெர்ன் வோலட்டைல் யூஇன்ட்16_டி டிக்ஸ்;

இப்படி ஒரு வேரியபிள் வேறெங்கோ இருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் இது, மெமரி ஒதுக்காது. இங்கே மதிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது.

படி 3. டைமர்.எச்-ஐ மெயின்.சி, டிஸ்ப்ளே.சி இரண்டிலும் இன்க்ளூட் செய்யுங்கள். டைமர்.சி-யிலும் செய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எச் ஃபைலில் தவறுதலாக 32 பிட் என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பெயரைத்தான் பார்க்கும், டைப்பைச் சரிபார்க்காது, மெயின்.சி பக்கத்து 2 பைட்டையும் சேர்த்துப் படித்துவிடும். டைமர்.சி-யிலும் இன்க்ளூட் இருந்தால் கம்பைலரே எரர் காட்டி நிறுத்திவிடும்.

எச் ஃபைலில் எக்ஸ்டெர்னை மறந்தால் என்ன ஆகும்? 2020-இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர் முதல் 'மல்டிபிள் டெஃபினிஷன்' எரர் வரும். அதற்கு முந்தைய ஜிசிசி, மதிப்பு கொடுக்காத வரிகளைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். பழைய ப்ராஜெக்ட் புது கம்பைலரில் லிங்க் ஆகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்க்ளூட் கார்டு இதைத் தடுக்காது, ஏனென்றால் ஒவ்வொரு சி ஃபைலும் தனித்தனியாகவே கம்பைல் ஆகிறது. எரர் போகட்டும் என்று எச் ஃபைல், டைமர்.சி இரண்டின் வரியிலும் ஸ்டாட்டிக் (வேரியபிளை அந்த ஃபைலுக்குள் மட்டும் அடக்கும் கீவேர்டு) சேர்ப்பது இன்னும் மோசம். எரர் போய்விடும், ஆனால் ஃபைலுக்கு ஒரு டிக்ஸ் உருவாகும். டைமர்.சி தன்னுடையதைக் கூட்டிக்கொண்டே போகும், மெயின்.சி-யில் இருப்பது கடைசிவரை 0-தான்.

படி 4. இது 8 பிட் சிப். 16 பிட் மதிப்பை இரண்டு தடவையாகத்தான் படிக்கும். மதிப்பு 255 ஆக இருக்கையில் கீழ் பைட்டைப் படித்ததும் இன்டரப்ட் வந்து அது 256 ஆனால், மேல் பைட் புதிதாக வந்து உங்கள் கைக்கு 511 கிடைக்கும். அதனால் இன்டரப்டை நிறுத்தி, லோக்கல் வேரியபிளில் காப்பி எடுத்து, பழைய நிலைக்குத் திருப்புங்கள். இந்தச் சிப் வகைக்கான சி லைப்ரரியான ஏவிஆர் லிப்சி-யின் அட்டாமிக் பிளாக் மேக்ரோ இதைச் செய்துதரும்.

மற்ற ஃபைல்கள் மதிப்பைப் படிக்க மட்டும் செய்கின்றன என்றால், இந்தக் காப்பி எடுக்கும் வேலையை டைமர்.சி-யிலேயே ஒரு ஃபங்ஷனாக எழுதிவிடுங்கள். நான் சிபாரிசு செய்வது இதையே. அப்போது டைமர்.சி-க்குள் டிக்ஸ் ஸ்டாட்டிக்காக இருக்கலாம். எச் ஃபைலில் எக்ஸ்டெர்ன் வரிக்குப் பதில் அந்த ஃபங்ஷனின் ப்ரோட்டோடைப் இருந்தால் போதும்.