பழைய ஆட்டோமேட்டிக் கார் ஜெர்க் அடித்தால்: கியர்பாக்ஸை இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி தயங்கி, பிறகு துள்ளிக்கொண்டு பாய்கிறது என்று சொன்னால், பட்டறையில் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் “கியர்பாக்ஸ் போயிருக்கும்” என்பதுதான். அந்தப் பதிலை உடனே ஏற்க வேண்டியதில்லை. கிளட்ச் மிதி இல்லாத வண்டியில், எஞ்சின் தடுமாறுகிறதா, கியர் தடுமாறுகிறதா என்பதை ஓட்டுபவரின் கால் உணர்வதற்கு வழியில்லை. இரண்டும் ஒரே உதறலாகத்தான் உடம்புக்கு வந்து சேர்கின்றன. ஆகவே சோதனையின் முதல் வேலை இவ்விரண்டையும் பிரிப்பதே.

அதற்கும் முன், வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே பெயர் கொண்ட காரிலும் இது மாறும்: 2003இல் வந்த ஹோண்டா சிட்டியில் சிவிடி (கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள வகை), 2008இல் வந்ததில் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகை), 2014இல் வந்த பெட்ரோல் சிட்டியில் மறுபடி சிவிடி. 2014இல் மாருதி செலெரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) வண்டிகளில் கியர் மாறும்போது சற்றுத் தயங்குவது இயல்பு. அதைக் கோளாறு என்று துரத்திப் பயனில்லை. இனி வருபவை பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளுக்கானவை.

செலவில்லாத முதல் சோதனை ஆர்பிஎம் முள்ளைக் கவனிப்பது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். ஏற்றத்தில் முள் விறுவிறுவென்று மேலே ஏற, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கியர்பாக்ஸ் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. முள் அதிகம் நகராமல், அல்லது சற்றே கீழே விழுந்து எழ, வண்டி மட்டும் உதறுகிறது என்றால் சந்தேகம் எஞ்சின் மீது போக வேண்டும். பிறகு டி-யில் மட்டும் ஓட்டாமல், 2 அல்லது எல் நிலையிலும் மிதமாக ஓட்டிப் பார்க்கலாம். எந்தக் கியரிலும் அதே ஆர்பிஎம்மில் உதறல் வந்தால் அது எஞ்சினின் வேலை. ஒரு குறிப்பிட்ட கியர் மாற்றத்தின்போது மட்டும் வந்தால் அது கியர்பாக்ஸின் வேலை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது, சாலையில் போடப்பட்ட அதிர்வுக் கோடுகளின் மேல் ஓடுவதுபோல மெல்லிய நடுக்கம் வரும். இது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள், சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்சின் நடுக்கம். மலையிறங்கிக் கடையநல்லூர்ப் பக்கம் நேராகப் போகும் சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டால் லாக்-அப் விடுபடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் சந்தேகம் உறுதியாகிறது. நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சின் மிஸ்ஸிங்காகவே (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) இருக்கக்கூடும்.

நம் பகுதியில் நான் முதலில் சந்தேகிப்பது ஈரத்தைத்தான். சாரல் மாதங்களில் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்வரும் வண்டிகளின் பானெட்டுக்குள் ஈரம் காய நேரமே இருப்பதில்லை. தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் ரப்பர் உறை பழசாகி வெடித்திருந்தால், பிளக் முனையில் பாய வேண்டிய தீப்பொறி பக்கவாட்டில் எஞ்சின் உலோகத்துக்குத் தாவிவிடும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது இந்தக் கசிவு அதிகமாகும் என்பதால், சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி கோட்டைவாசல் மலைப்பாதையில் மட்டும் உதறும். காயிலைக் கழற்றி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோன்ற கருங்கோடு மேலிருந்து கீழே ஓடினால் தீப்பொறி அந்த வழியாகத்தான் தப்பியிருக்கிறது. பிளக்கையும் ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் எஞ்சினின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் மாற்றாமல் விடக்கூடாது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை (கோட்) படிக்கும் ஸ்கேனர் ஒன்று இருந்தால் வேலை இன்னும் எளிது. பி 0300 என்பது பொதுவான மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். பி 0301 முதல் பி 0304 வரை எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். 0301 வந்தால் முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு, பதிவான குறியீட்டை அழித்துவிட்டு, அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து 0303 வந்தால் குற்றவாளி காயில். மறுபடியும் 0301 வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்தச் சிலிண்டரையே தொடர வேண்டும். எஞ்சின் செக் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓட்டத்தை நிறுத்துவது நல்லது. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

தீப்பொறி சரியாக இருந்தால் அடுத்தது காற்றும் பெட்ரோலும். ஸ்கேனரில், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண் நிலையாக 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் அதிகமாகி, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்கம் குழாய் விரிசல். ஏற்றத்தில் அதிகமானால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் சிக்னலிலிருந்து கிளம்பும்போது மட்டும் தயங்கும், துடைத்தால் போதும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மழைக்காலம் முழுவதும் பாதி டேங்க்கோடு ஓடாமல் நிற்கும் பழைய கார் முதல் நாள் உதறுவதில் வியப்பில்லை.

பியிலிருந்து டிக்கு மாற்றும்போது “டொம்” என்று ஒரு அடி விழுந்தால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால் பேட்டரி எர்த் வயரின் முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உதறல் நின்றபாடில்லை என்றால்தான் கியர் ஆயில். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலின் அளவை எஞ்சின் சூடாக, ஐடிலிங்கில், பியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினைச் சூடாக்கி அணைத்த உடனேயே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்தால் தெளிவான சிவப்பு நல்லது, பழுப்பு வயது, கருமையும் தீய்ந்த வாடையும் கிளட்ச் எரிந்ததன் அடையாளம். ஆயில் மாற்ற வேண்டியிருந்தால், நீண்ட காலம் தொடாமல் விட்ட கியர்பாக்ஸில் மெஷின் வைத்து முழுவதும் கழுவச் சம்மதிக்காதீர்கள். வடித்து நிரப்புவதே பாதுகாப்பு என்பது என் கருத்து; ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் ஒரு பகுதியே வெளியேறும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றவே கூடாது. 2003 வகை சிட்டி கிளம்பும்போது மட்டும் நடுங்கினால், அதற்கான சிவிடி ஆயிலை மாற்றி, ஸ்டார்ட் கிளட்ச்சைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்கிக் கொடுத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

அப்போதும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், பான் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) உள்ள வண்டியில் அதை மட்டும் முதலில் கழற்றி, உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் காந்தத்தில் ஒட்டியிருப்பது சாம்பல் நிற மெல்லிய பசையானால் அது இயல்பான தேய்மானம். மூடிவிட்டு மறுபடி எஞ்சின் பக்கமே தேடலாம். விரலில் உறுத்தும் உலோகச் சில்லுகளோ, செம்பு நிறத் தூளோ, கிளட்ச் தட்டின் கருந்துகள்களோ குவிந்திருந்தால் இறக்கலாம்.