வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பை ஆப் வாரியா பிரிக்காதீங்க

எங்க ஆபீஸ்ல கொட்டேஷன் போடற வேலைக்கு புதுசா ஒரு தம்பி சேர்ந்திருக்கார். ரெண்டாவது நாளே "அண்ணே, டெஸ்க்டாப்பை நாலா பிரிச்சுட்டேன் பாருங்க"ன்னு காட்டினார். ஒரே ஸ்க்ரீன்ல தனித்தனியா பல டெஸ்க்டாப் போட்டு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி வேலை பாக்கறதுதான் வெர்ச்சுவல் டெஸ்க்டாப். ஒண்ணுல மெயில், அடுத்ததுல குரோம், மூணாவதுல எக்செல், நாலாவதுல வாட்ஸாப். பாத்ததும் பகீர்னுச்சு, ஏன்னா 2015ல விண்டோஸ் 10 வந்த புதுசுல நானும் அச்சு அசலா இப்படித்தான் வச்சிருந்தேன். ஷார்ட்கட் தெரியாம முழிக்கறதெல்லாம் ஒரு வாரத்துல சரியாயிடும், அதைப் பத்தி எழுதப் போறதில்ல.

ஆப்புக்கு ஒரு டெஸ்க்டாப்

இதுதான் பெரிய தப்பு. அன்னிக்கு எனக்கு ரெண்டு பார்ட்டி, ரெண்டு பேரும் கேட்டது ஒரே வால்வு, ஆனா ஒருத்தருக்கு 1,240 ரூபா, இன்னொருத்தருக்கு 1,420. மெயில்ல ரேட்டைப் பாத்து மனசுல வச்சுக்கிட்டு, விண்டோஸ் கீ, கன்ட்ரோல், வலது அம்பு ரெண்டு தடவை அமுக்கி எக்செலுக்கு வருவேன், அங்க ரெண்டு பார்ட்டி ஃபைலும் ஒண்ணுமேல ஒண்ணா கெடக்கும், ஏன்னா நானே அதை எக்செல் டெஸ்க்டாப்னு ஒதுக்கிட்டேனே. 1,420 போட வேண்டிய ஃபைல்ல 1,240 போட்டு அனுப்பிட்டேன். 300 பீஸ் ஆர்டர், பார்ட்டி அந்த ரேட்டை விட்டுக்கொடுக்கல, 54,000 ரூபா போச்சு. இன்னிக்கும் யாராவது இப்படி பிரிச்சு வச்சிருந்தா எனக்கு எரிச்சல் வருது.

டாஸ்க்பார் ஏற்கனவே ஆப் வாரியாத்தான் பிரிச்சு வச்சிருக்கு, டெஸ்க்டாப்பையும் அதே மாதிரி பிரிச்சா, சேத்து வச்சு பாக்க வேண்டிய ரெண்டு விண்டோவ நீங்களே வேற வேற இடத்துல பூட்டி வைக்கறீங்க, கலக்கவே கூடாத ரெண்டு ஃபைலை ஒரே இடத்துல கொட்டறீங்க. 1986ல ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல ஸ்டூவர்ட் கார்டும் ஆஸ்டின் ஹெண்டர்சனும் 'ரூம்ஸ்'னு இதே மாதிரி ஒரு சாஃப்ட்வேர் செஞ்சாங்க, அதுலயே ஒரு வேலைக்கு ஒரு அறைங்கறதுதான் கணக்கு, எல்லா வேலைக்கும் தேவைப்படற விண்டோவ பல அறையிலயும் வச்சுக்கலாம்.

அதனால பார்ட்டிக்கு ஒரு டெஸ்க்டாப் போடுங்க. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி மூணையும் சேத்து அமுக்கினா புதுசு வரும். மெயிலை டபுள் கிளிக் பண்ணி தனி விண்டோவா திறந்து, விண்டோஸ் கீயும் இடது அம்பும் சேத்து அமுக்கினா அது இடது பாதியில ஒட்டிக்கும், அந்த பார்ட்டியோட எக்செலை வலது பாதியில ஒட்டுங்க. எக்செல் 2013லேர்ந்து ஒவ்வொரு ஃபைலும் தனி விண்டோதான், அதனால ரெண்டு ஃபைலை ரெண்டு டெஸ்க்டாப்ல வைக்க ஒரு தடையும் இல்ல. ரேட்டும் செல்லும் பக்கத்து பக்கத்துல கண்ணுக்கு முன்னாடி இருக்கும், மனசுல சுமந்துட்டு ஓட வேண்டாம். வாட்ஸாப், கால்குலேட்டர் மாதிரி எங்கயும் வேணும்னா, விண்டோஸ் கீயும் டேபும் அமுக்கி, அந்த விண்டோ மேல ரைட் கிளிக் பண்ணி, எல்லா டெஸ்க்டாப்லயும் காட்டச் சொல்லிடுங்க.

டெஸ்க்டாப்புக்கு பேர் வைக்காம விடறது

வைங்க. விண்டோஸ் கீயும் டேபும் அமுக்கினா வர்ற டாஸ்க் வியூல பேர் மேல கிளிக் பண்ணா போதும்.

மூடினா ஃபைல் போயிடும்னு பயந்து சேத்துக்கிட்டே போறது

போகாது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், எஃப்4 அமுக்கினா டெஸ்க்டாப் மட்டும் மூடும், அதுல இருந்த விண்டோ எல்லாம் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு நகர்ந்துடும். ஆல்ட் எஃப்4தான் விண்டோவையே மூடறது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மெஷின் லேசாகும்னு நம்பறது

ஆகாது. எத்தனை டெஸ்க்டாப் போட்டாலும் ரேம் அதேதான்.

ரீஸ்டார்ட்டை நம்பறது

டெஸ்க்டாப்பும் பேரும் அப்படியே இருக்கும், ஆனா எந்த விண்டோ எதுல இருந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது. சாயங்காலம் மெஷினை ஆஃப் பண்ணாம ஸ்லீப்ல போடுங்க.

மேக்ல இருக்கறவங்களுக்கு

மேக்ல டெஸ்க்டாப்புக்கு ஸ்பேஸ்னு பேர், கடைசியா பயன்படுத்தினதை வச்சு ஸ்பேஸ் வரிசையை அதுவே மாத்திடும், அந்த செட்டிங் முதல்லயே ஆன்ல இருக்கும், ஆஃப் பண்ணுங்க.

அடுத்த டெஸ்க்டாப்ல ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைக்கறது

மீட்டிங்ல முழு ஸ்க்ரீனையும் ஷேர் பண்ணிட்டு, இன்னொரு பார்ட்டியோட ரேட் ஷீட் பக்கத்து டெஸ்க்டாப்லதானே இருக்குன்னு இருக்காதீங்க. கை தவறி நீங்க அங்க தாவினா மீட்டிங்ல இருக்கறவங்களும் கூடவே அங்க வந்துடுவாங்க. காட்ட வேண்டிய விண்டோவ மட்டும் ஷேர் பண்ணுங்க.