கிளேஸ் மேல் பழி போடுவதற்கு முன்

சூளையைத் திறந்து, கிண்ணத்தைக் கையில் எடுத்து, மேலே கண்ணாடி மாதிரி உருகிப் படிந்த பூச்சைப் பார்த்து முகம் சுளித்து நாம் சொல்கிற முதல் வார்த்தை அநேகமாக "கிளேஸ் சரியில்லை" என்பதுதான். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்த்தால், அந்தத் தவறு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே, மண் பிசைந்த அன்றோ தராசில் எடை போட்ட அன்றோ நடந்து முடிந்திருக்கும். சொந்தமாக மண்ணும் கிளேஸும் கலந்து பார்க்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை, நான் சறுக்கிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் மண். ஊர்ப்பக்கம் போய்க் கண்மாயைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு வாளி அள்ளிவந்து ஊறவைத்து, வடிகட்டி, சின்னதாக ஒரு கிண்ணம் வனைந்தேன். மற்ற ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் மண்) பாத்திரங்களோடு சேர்த்து 1,230 டிகிரிக்கு ஏற்றினேன். திறந்தபோது கிண்ணத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் முறுகிய வெல்லப்பாகு மாதிரி ஒன்று சூளைத் தட்டோடு ஒட்டிக் கிடந்தது. உளி வைத்துத் தட்டியதில் தட்டின் ஒரு மூலையும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

காரணம் எளிது. சிவந்து வேகும் மண்ணில் இரும்பு அதிகம், கூடவே சுண்ணாம்பும் பொட்டாஷும் இருக்கும். சூடு ஏற ஏற இவை மண்ணை உருக்கும். 800, 900 டிகிரியில் நல்ல பானையாக நிற்கும் மண், 1,200-ஐத் தாண்டினால் கூழாகிவிடும். அதனால் பழக்கமில்லாத மண்ணைச் சுடும்போது, பழகிய ஸ்டோன்வேர் மண்ணில் கனமான ஒரு தட்டு செய்து அதற்குள் வைத்துச் சுடுங்கள். உருகினாலும் தட்டோடு போகும். இதில் ஒரு லாபமும் உண்டு. உருகுகிற மண்ணைக் கரைத்து ஸ்டோன்வேர் மேல் பூசினால் அதுவே பழுப்புக் கிளேஸ். அமெரிக்காவில் ஆல்பனிப் பக்கத்துக் களிமண்ணை நூறு வருஷத்துக்கு மேல் ஜாடிகளின் உள்பக்கத்துக்கு இப்படித்தான் பூசினார்கள்.

ஊர் மண்ணில் இன்னொரு வம்பு, சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல். மிளகளவு துண்டு ஒன்று மண்ணுக்குள் தங்கிவிட்டால் போதும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பாத்திரம் வெளியே வரும்போது ஒரு குறையும் தெரியாது. அப்புறம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பத்து நாள் கழித்தோ ஒரு மாதம் கழித்தோ, அலமாரியில் சும்மா இருக்கிற பாத்திரத்திலிருந்து ஒரு சில்லு தெறித்து விழும், குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். வாங்கிப் போனவர் வீட்டில் இது நடந்தால் எப்படி இருக்கும்! காய்ந்த மண்கட்டியில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். நன்றாகக் கரைத்து நைசான சல்லடையில் வடித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

சூளையில் பாத்திரம் வெடித்தால் "உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்" என்பார்கள். காற்று வெடிப்பதில்லை, தண்ணீர்தான் வெடிக்கிறது. காய்ந்தது மாதிரி தெரிகிற மண்ணின் நடுவில் தங்கிய ஈரம், நூறு டிகிரி தாண்டும்போது நீராவியாகி வழி கிடைக்காமல் உடைத்துக்கொண்டு வருகிறது. அய்யனார் கோவில் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் மண்ணில் மணலும் உமியும் கலப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அவ்வளவு பெரிய உருவம் விரிசலில்லாமல் காயவும், ஈரம் வெளியேறவும் அவை வழிவிடுகின்றன. நாம் என்ன செய்கிறோம்? வனைந்த கிண்ணத்தை ஃபேன் காற்றில் வைக்கிறோம். விளிம்பு மதியத்துக்குள் வெளுத்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்கினால் அடியில் விரிசல் விழாமல் என்ன செய்யும்? கத்திரி வெயில் மாதத்தில் விளிம்புக்கு மட்டும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுங்கள். ஐப்பசியில் கவலையே வேண்டாம், ஒரு வாரமானாலும் எதுவும் காயாது.

இனி கிளேஸ். கோன் என்பது சூளைக்குள் நிறுத்திவைக்கிற சின்னக் கூம்பு, அதன் எண்ணுக்கு உரிய சூடு வந்ததும் சாய்ந்து காட்டும். குறிப்பில் "கோன் 06" என்று இருந்ததை "கோன் 6" என்று படித்தவர்கள் நிறையப் பேர். அந்தப் பூஜ்ஜியத்தின் விலை இருநூறு டிகிரிக்கு மேல். 06 என்பது சுமார் 1,000 டிகிரி, 6 என்பது 1,220-இலிருந்து 1,240 வரை. ஏன் ஒரே எண்ணாகச் சொல்ல முடியவில்லை என்றால், எவ்வளவு வேகமாகச் சூடேற்றுகிறோம் என்பதும் கணக்கில் வரும். மெதுவாக ஏற்றினால் குறைந்த டிகிரியிலேயே கோன் சாய்ந்துவிடும். மீட்டரை மட்டும் நம்பாமல் உள்ளே ஒரு கோன் நிறுத்திவையுங்கள்.

அடுத்தது, அடுத்தவர் சூளைக்கு எழுதிய குறிப்பை நம் சூளையில் போடுவது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்து விறகுச் சூளை, கேஸ் சூளைப் பாத்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, செலடான் என்கிற கிளேஸின் பச்சை என்றால் ஒரு மயக்கம். ஒரு சதவீதம் இரும்பு ஆக்சைடு சேர்த்தால் அந்தப் பச்சை வரும், ஆனால் சூளைக்குள் ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும். அதே கலவையை மின்சூளையில் வைத்தால் வெளிறிய தேன் நிறம்தான் வரும். தாமிரம் அங்கே சிவப்பு, இங்கே பச்சை. மின்சூளை மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. லண்டனில் லூசி ரீ என்ற மண்பாண்டக் கலைஞர் மின்சூளையில் சுட்டே பெயர் வாங்கியவர். பிஸ்க் என்கிற முதல் சூடு கூடப் போடாமல், சுடாத பாத்திரத்தின் மேலேயே தூரிகையால் கிளேஸ் பூசி ஒரே தடவையில் சுடுவார். அவர் தன் சூளைக்கு ஏற்ற கிளேஸைத் தேடினார், அவ்வளவுதான்.

சாம்பல் கிளேஸ் போடலாம் என்று இறங்குகிறவர்கள் "சாம்பல் எல்லாம் சாம்பல்தானே" என்று நினைக்கிறார்கள். விறகுச் சாம்பலில் கால்சியம் அதிகம். அது கிளேஸை உருக்கி ஓடவைக்கும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா. அது உருக மறுக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டேன். வழவழவென்று வர வேண்டிய பூச்சு, விபூதி மாதிரி கையில் உதிர்ந்தது. ஜப்பான்காரர்கள் இதே நெற்சாம்பலோடு ஃபெல்ட்ஸ்பார் என்கிற கல்பொடியும் மரச்சாம்பலும் சேர்த்துப் பால் வெள்ளையாக ஒரு கிளேஸ் செய்கிறார்கள், அதற்கு நுக்கா என்று பெயர். நெல் விளைகிற ஊரில் இதைச் செய்துபார்க்காமல் இருப்பது பாவம். ஒன்று, கழுவாத விறகுச் சாம்பல் தண்ணீரில் காரமாக இறங்கும். கையுறை இல்லாமல் கலக்கினால் இரண்டு நாள் சாதம் பிசைய முடியாது.

கிளேஸைப் பூசிப் பார்க்கும் சோதனைத் துண்டுகளைத் தட்டையாக, பிஸ்கட் மாதிரி செய்வது எல்லோரும் செய்கிற தப்பு. படுத்திருக்கும் ஓட்டில் எந்தக் கிளேஸும் சமர்த்தாகத்தான் இருக்கும். அதையே குடுவையில் பூசினால் வழிந்து தட்டோடு ஒட்டும். துண்டு நிற்க வேண்டும், அதில் ஒரு வரம்பும் ஒரு கீறலும் வேண்டும். டென்மோகு மாதிரி இரும்புக் கிளேஸ் விளிம்பில் மெலிந்து செம்பழுப்பாகும். செலடான் கீறலில் தேங்கிக் கறுக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் உருவத்தையே யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஓடுகிற கிளேஸுக்கு வனைகிறீர்கள் என்றால், அடிக்குச் சற்று மேலே ஒரு திண்ணை மாதிரி விட்டுவையுங்கள். வழிவது அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

ஒருமுறை நாற்பது துண்டுகளில் மார்க்கர் பேனாவால் அழகாக எண் போட்டுச் சுட்டேன். மை எரிந்து போய், நாற்பதும் பெயரில்லாமல் வெளியே வந்தன. அதில் ஒன்று மயில்கழுத்து நிறம். எந்தக் கலவை என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்து, பின்பக்கம் தூரிகையால் எழுதுகிறேன். கூடவே ஒரு நோட்டு. ஒரு சூட்டில் ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றுவது, நூறு மில்லி கிளேஸ் கரைசலின் எடையைக் குறித்துவைப்பது. முக்கி எடுக்கிற கிளேஸுக்கு எனக்கு 145 கிராம் சரியாக வருகிறது. போன தடவை 145, இந்தத் தடவை 160 என்றால் கிளேஸ் மாறவில்லை, பூச்சுதான் தடித்திருக்கிறது.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சிலிகா தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. ஈரத்துணியால் துடையுங்கள், கிளேஸ் பொடி அளக்கும்போது மாஸ்க் போடுங்கள்.

கடைசியாக, அழகாக வந்துவிட்டது என்பதற்காகவே அதில் சாப்பிட்டுவிடாதீர்கள். தாமிரம் அதிகம் போட்ட மேட் (பளபளப்பில்லாத) பச்சைக் கிண்ணம் ஒன்று எனக்கு உயிர். நம் சாப்பாட்டில் புளி இல்லாத நாள் ஏது? ஓர் எலுமிச்சைத் துண்டை அதில் ராத்திரி முழுக்கக் கவிழ்த்துவைத்தேன். காலையில் எடுத்தபோது, துண்டு இருந்த இடத்தில் வட்டமாக நிறம் வெளுத்திருந்தது. அந்தக் கிண்ணத்தில் இப்போது வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன.