பகல் 11 மணிக்கு மாட்டிய கேமரா

போன வருடம் எங்கள் வீட்டுக் கேஸ் தோம்பு திருடு போனது. காலித் தோம்புதான், கார் போர்ச்சின் ஓரத்தில் கிடந்தது. கேமரா அதற்கு நேர் மேலே இருந்தது. பதிவை ஓட்டிப் பார்த்தால், வெள்ளைப் புகை மாதிரி ஒன்று நடந்து வந்து, குனிந்து, திரும்பிப் போனது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, “முனியே வந்து தூக்கிட்டுப் போன மாதிரியில்ல இருக்கு” என்றார்.

கேமராவைக் குறை சொல்ல முடியாது. மாட்டியவர் பகல் 11 மணிக்கு வந்தார், கைப்பேசியில் படம் பளிச்சென்று தெரிவதைக் காட்டினார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார். நானும் சரி என்று தலையாட்டினேன். இரவுக் காவலுக்கு வாங்கிய பொருளைப் பகல் வெளிச்சத்தில் சோதித்துவிட்டோம். சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் முடியும் இடத்தில் செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. கடைசித் தெருவிளக்குக்கு அப்பால் கும்மிருட்டு. இப்படிப்பட்ட இடத்தில் திருகாணியைப் பாதி முடுக்கி வைத்துவிட்டு, இரவு 9 மணிக்கு வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து நடந்து வரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும்.

அந்த வெள்ளைப் புகைக்குக் காரணம் இதுதான். இருட்டியதும் கேமரா தன்னிடம் உள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்கு அது டார்ச் லைட். அந்த டார்ச்சுக்கு ஓரடி தூரத்தில் வெள்ளைச் சுவரோ தூணோ கூரைத் தண்ணீர்த் தகரமோ இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் பாயும். ‘வெளிச்சம் போதும்’ என்று நினைத்துக் கேமரா தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ள, கேட் இருக்கும் பக்கம் கறுத்துவிடும். மிக அருகில் வரும் முகமோ வெளுத்துப்போகும். எங்கள் வீட்டில் மழைக்குப் பயந்து கேமராவைக் கூரை மூலைக்குள் திணித்திருந்தார்கள். அதை ஒரு சாண் முன்னால் இழுத்து, சுவர் படத்தில் விழாதபடி திருப்பினேன். பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்க நினைப்பதும் இதே தவறுதான், இரவில் கண்ணாடியே வெள்ளையாகத் தெரியும். அரைக்கோள மூடி போட்ட கேமராவில் தூசியும் கைரேகையும் படிந்தால் படம் முழுக்கப் பனிமூட்டம். வெளியே மாட்ட மூடியில்லாத உருளை வடிவக் கேமராவே என் தேர்வு. வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியின் அலைநீளத்தைச் சொல்லும் நானோமீட்டர் அளவையும் பாருங்கள். 850 என்றால் விளக்கு மங்கலாகச் சிவந்து தெரியும், ஆனால் தூரம் எட்டும். 940 என்றால் வெளியே தெரியாது, எட்டும் தூரமும் குறைவு. ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லையென்றால் 850 போதும்.

அடுத்தது, முழு வீதியும் தெரியவேண்டும் என்ற ஆசை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், 100 பாகைக்கு மேல் அகலமாகப் பார்க்கும். முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். வகுத்துப் பார்த்தால் ஏழே முக்கால் மீட்டர் அகலம்வரைதான் முகம் தேறும். அவ்வளவு அகலம் இந்த லென்ஸில் ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். அதற்கு அப்பால் யாரோ வந்தார் என்று தெரியும், யார் என்று தெரியாது. கேட்டுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அதே முகம் 8 மீட்டர்வரை கிடைக்கும். உயரமும் அப்படித்தான். கைக்கு எட்டக்கூடாதென்று மாடிக் கூரையில் மாட்டினால் தொப்பியும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும். இரண்டரை மீட்டர், மிஞ்சினால் மூன்று.

போர்ச்சில் ஒரு சின்ன எல்இடி விளக்கை விடியும்வரை எரியவிடுங்கள். அந்த வெளிச்சத்தில் கேமரா வண்ணத்திலேயே பதிவு செய்தால் சட்டை நிறமும் மோட்டார் சைக்கிள் நிறமும் கிடைக்கும். விளக்கொளியில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் கேமரா அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50, அதற்கு மாற்றிவிடுங்கள்.

இனி மழை. பெட்டியில் ஐபி66 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். தூசி புகாது, வேகமாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கேமராவின் உடலுக்கு மட்டும். அதன் பின்னால் தொங்கும் வால், அதாவது கம்பி இணையும் முனைகள், அந்தக் கணக்கில் வராது. நான் கழற்றிப் பார்த்த கெட்டுப்போன கேமராக்களில் பெரும்பாலும் அங்கேதான் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. முனைகளை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் பிசுபிசுத்து உரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஹார்ட்வேர் கடையில் கேட்டால் கிடைக்கும்.

கம்பி சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடவேண்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சுவர்த் துளையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். சிலிக்கான் பசை பூசுபவர்கள் ஆர்வத்தில் கேமராவின் அடிப்பாகத்தைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். மேல்பக்கத்திலும் இரண்டு ஓரங்களிலும் பூசி, கீழே திறந்து விடுங்கள். உள்ளே போன ஈரத்துக்கு ஒரு வாசல் வேண்டாமா? வினிகர் வாடை வீசும் சிலிக்கான் செம்பை அரிக்கும், மின் முனைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். மழை விட்ட மாலையில் கேமராவைத் திறந்து மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்து அடைக்கிறோம், இரவில் கண்ணாடிக்கு உள்ளே வியர்க்கும். காய்ந்த பகலில் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடலாம்.

தோட்டத்து ஓரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. எலி கம்பியைக் கடிக்கும், பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் குடியேறும். கம்பியை பிவிசி குழாய்க்குள் விட்டு, பெட்டியின் வேண்டாத துளைகளை அடைத்துவிடுங்கள். சிலந்தி வலையை வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டினால் போதும். லென்ஸுக்கு முன் ஒரே ஓர் இழை இருந்தாலும் இரவில் கயிறு மாதிரி தெரியும். கொசு மருந்தை நேரே அடிக்காதீர்கள், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படியும்.

பகலில் நன்றாக ஓடும் கேமரா இரவில் அணைந்து அணைந்து எரிகிறதா? பெரும்பாலும் கம்பிதான் காரணம். அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மின்சாரம் கூடுதலாக வேண்டும். செம்பு பூசிய மலிவு அலுமினியக் கம்பியில் தூரம் போகப்போக 12 வோல்ட் தேய்ந்துவிடும்.

இடிமழை நம் ஊருக்குப் புதிதல்ல. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில்தான் மாலை இடியும் உக்கிரம். எல்லோரும் பலகாரத்தோடு சொந்த ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒரு மின்னலில் இஎல்சிபி, அதாவது மின்கசிவுத் தடுப்பு விசை, கீழே விழும், வீடும் கேமராவும் சேர்ந்து இருண்டுவிடும். சிறிய யுபிஎஸ் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவியும், கேமராவுக்குத் தனி இஎல்சிபியும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கேட்டுச் செய்ய வேண்டியவை.

கடவுச்சொல்லை மாற்றுங்கள், நேரத்தைச் சரிபாருங்கள், பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாழையிலை ஆடுவதற்கெல்லாம் எச்சரிக்கை வந்தால் மூன்றாம் நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள், ஆகவே கண்காணிக்கும் பகுதியைக் கேட்டுக்கு மட்டும் கோடு போட்டு வையுங்கள்.

இப்போது எங்கள் கேமராவில் கேட் தெளிவாகத் தெரிகிறது. தோட்டத்தில் எலி பிடிக்க வளர்க்கும் கூகை ஒன்று விடியற்காலையில் அதன்மேல் வந்து உட்கார்ந்து, நேராகக் கேமராவைப் பார்க்கிறது. கேஸ் தோம்பைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டேன்.