அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி.: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

கட்-ஆஃப், ரேங்க், கவுன்சலிங் என்றே வளர்ந்தவர்கள் நாம். அதனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உயிரியல் பிஎச்.டி. சேர்க்கையையும் அதே கணக்கில்தான் பார்க்கிறோம். "சிஜிபிஏ 9.2 இருக்கு, கிடைக்குமா?" என்பதுதான் மாணவர்கள் முதலில் கேட்பது. சேர்க்கைக் குழுவில் உட்காரும் பேராசிரியர்களின் கவலை வேறு. இவருக்குக் கல்விக் கட்டணமும் கட்டி, மாதாமாதம் ஸ்டைபெண்டும் கொடுத்து ஐந்தாறு வருடம் லேபில் வைத்துக்கொள்ளப் போகிறோம். பரிசோதனை மாதக்கணக்கில் சொதப்பும்போதும் விடாமல் யோசிப்பாரா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். மதிப்பெண் முதல் வடிகட்டலைத் தாண்ட உதவும், அவ்வளவுதான்.

வெளிநாட்டு மாணவர்கள் கவனிக்கத் தவறும் முதல் விஷயம், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச். தரும் டி32 என்ற பயிற்சி நிதியில்தான் பல உயிரியல் துறைகள் முதல் ஓரிரு வருடங்களை ஓட்டுகின்றன. அந்த நிதி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே. நம் மாணவரைச் சேர்த்தால் பல்கலைக்கழகம் சொந்தக் கையிருப்பிலிருந்தோ பேராசிரியரின் கிராண்டிலிருந்தோ செலவழிக்க வேண்டும். கலிஃபோர்னியா போன்ற மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று கூடுதல் கட்டணமும் உண்டு. அதையும் துறைதான் சுமக்கும். அதனால்தான் ஒரே தகுதி இருந்தும் வெளிநாட்டவருக்கான இடங்கள் மிகக் குறைவு. பெயரைப் பார்த்துப் பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, பத்துமே இந்த நெருக்கடியில் இருக்கும் துறைகளாக அமைந்துவிட்டால், விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. துறையின் இணையதளத்துக்குப் போய், இப்போது படிக்கும் மாணவர்களில் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்று பாருங்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம் போன்ற தனியார் ஆய்வு நிறுவனங்கள் நாடு பார்க்காமல் எல்லா மாணவருக்கும் நிதி தருகின்றன. ஆனால் போட்டி கடுமையாக இருக்கும்.

2025இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில் விழுந்த வெட்டால் பல துறைகள் சேர்க்கையைச் சுருக்கின. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, கொடுத்த சேர்க்கை ஆணைகளையே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த நிலையில் அமெரிக்காவை மட்டுமே நம்பி விண்ணப்பிப்பது ஆபத்து. ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான எம்பிஎல், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள், வியன்னா பயோசென்டர் ஆகியவற்றில் ஆங்கிலத்திலேயே, முழு நிதியுடன் பிஎச்.டி. செய்யலாம். அங்கே பொதுவாக முதுகலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். எம்.எஸ்சி. முடித்த நம் மாணவர்களுக்கு அது சாதகமே.

அடுத்தது, பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பும் விஷயம். இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், நரம்பியல் போன்ற துறைகளில் பெரும்பாலும் குழுதான் மாணவரைத் தேர்வு செய்யும். சேர்ந்த பிறகு முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் சில வாரங்கள் ரொட்டேஷன் செய்துவிட்டுத்தான் லேபையே முடிவு செய்வார்கள். நீங்கள் மெயில் அனுப்பும் பேராசிரியருக்கு உங்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. "ரெஸ்பெக்டட் சார்/மேடம்" என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஒரு பதிலும் வராது. சூழலியல், பரிணாம உயிரியல் துறைகளில் கதை தலைகீழ். அங்கே பெரும்பாலும் ஒரு பேராசிரியர் தன் லேபுக்கு நேரடியாக ஆள் எடுக்கிறார். அவருக்கு இந்த வருடம் இடமும் பணமும் இருக்கிறதா என்று ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் கேட்டுக்கொள்ளாமல் டிசம்பரில் விண்ணப்பிப்பது கட்டணத்தை வீணாக்குவதுதான். மெயில் சுருக்கமாக இருக்கட்டும்: அவருடைய அண்மைக்காலக் கட்டுரை ஒன்றில் உங்களை யோசிக்க வைத்தது எது, நீங்கள் செய்திருப்பது என்ன, இந்த வருடம் மாணவர் எடுக்கிறாரா. இந்த மூன்றும் போதும்.

ஏன் ஆய்வு செய்ய வருகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் எஸ்.ஓ.பி.யைப் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தில் எட்டு, "சிறுவயதிலிருந்தே உயிரினங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்குகின்றன. அடுத்த பத்தியில் பிசிஆர், எஸ்டிஎஸ்-பேஜ், வெஸ்டர்ன் பிளாட் என்று தெரிந்த டெக்னிக்குகளின் பட்டியல். படிப்பவருக்கு இதில் ஒரு ஆளே தெரிவதில்லை. டெக்னிக்கை அவர்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைத்தான் அந்தத் தாளில் தேடுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் நிறையப் பேர் செய்யும் எம்.எஸ்சி. புராஜெக்ட்டையே எடுத்துக்கொள்வோம்: ஒரு மூலிகைச் சாறு எம்சிஎஃப்-7 புற்றுநோய் செல்களைக் கொல்கிறதா என்று எம்டிடி அஸேயில் பார்ப்பது. உயிருள்ள செல்கள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும்; ஊதா கூடினால் ரீடிங் ஏறும், செல்கள் உயிரோடு இருப்பதாக அர்த்தம். "சாறு நல்ல பலன் தந்தது" என்று எழுதினால் அது எல்லோரும் எழுதும் வரி. உண்மையில் பெஞ்சில் நடந்தது இப்படி இருந்திருக்கலாம்: மைக்ராஸ்கோப்பில் செல்கள் சுருங்கிக் கிடந்தன, ஆனால் சாற்றின் அளவைக் கூட்டக் கூட்ட ரீடிங்கும் ஏறியது, செல்கள் நன்றாக வாழ்வதுபோல. செல்லே போடாத வெல்லில் (தட்டிலுள்ள சிறு குழியில்) சாற்றையும் எம்டிடியையும் சேர்த்துப் பார்த்தபோது அங்கேயும் ஊதா நிறம் வந்தது. சாற்றில் இருக்கும் பொருட்களே எம்டிடியை ஊதாவாக மாற்றிவிடுகின்றன என்று புரிந்தது. பிறகு இறந்த செல்களில் மட்டும் ஏறும் டிரைபான் புளூ சாயத்தைப் போட்டுச் செல்களை எண்ணிப் பார்த்ததில் உண்மை தெரிந்தது. இந்த நான்கு வரியை எழுதும் மாணவரைக் குழு நிச்சயம் கவனிக்கும். புராஜெக்ட் சாதாரணம்தான், ஆனால் அதற்குள் ஒரு விஞ்ஞானி இருக்கிறார். உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்; நேர்காணலில் இதைத்தான் தோண்டுவார்கள். கன்சல்டன்சி டெம்ப்ளேட்டும் சாட்ஜிபிடியும் உங்கள் பெஞ்சில் நடந்ததை எழுதித் தர முடியாது.

பேராசிரியர்களின் பெயரைக் குறிப்பிடும்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டாரா, வேறு ஊருக்கு மாறிவிட்டாரா, நீங்கள் விண்ணப்பிக்கும் புரோகிராமில் இருக்கிறாரா என்று சரிபாருங்கள். மூன்று நான்கு பெயர் போதும்.

ரெக்கமண்டேஷன் லெட்டர் என்றவுடன் நாம் பதவியைத் தேடிப் போகிறோம்: முதல்வர், ஹெச்.ஓ.டி., டீன். உங்களை லேபில் ஒருநாளும் பார்த்திராத முதல்வர் எழுதும் "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்" என்ற லெட்டர் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். ஆறு மாதம் உங்களோடு பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியரின் லெட்டருக்கு மதிப்பு பல மடங்கு. இன்னொரு பழக்கம், "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்பது. மூன்று லெட்டரும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆசிரியர் பெயரில் ஜிமெயில் தொடங்கி மாணவரே அப்லோடு செய்வது மோசடி. சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் இடம் போய்விடும். சார் பிஸியாக இருந்தால், நீங்கள் செய்த வேலை, எதிர்கொண்ட சிக்கல், அதைத் தீர்த்த விதம் ஆகியவற்றை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். செப்டம்பரிலேயே கேளுங்கள். கல்லூரியில் ஆய்வுக்கு வழியே இல்லை என்றால், இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். அந்த இரண்டு மாதத்தில் உங்களை அறிந்த ஒரு விஞ்ஞானி கிடைப்பார்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் காசையும் நேரத்தையும் தின்பவை. பெரும்பாலான உயிரியல் புரோகிராம்கள் ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வைக் கைவிட்டுவிட்டன; நீங்கள் விண்ணப்பிக்கும் இடங்கள் கேட்கின்றனவா என்று பார்க்காமல் தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். சிஜிபிஏவை நீங்களாக அமெரிக்காவின் 4 புள்ளி அளவுக்கு மாற்றாதீர்கள். பல படிவங்கள் உங்கள் பல்கலைக்கழகத்தின் அளவிலேயே கேட்கின்றன. மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் இருந்தால் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் ஜர்னல்களில் கட்டுரை போடுவது சி.வி.யைக் கெடுக்கும். விண்ணப்பக் கட்டணம் இடத்துக்கு நூறு டாலர் அளவில் வரும்; பத்து இடம் என்றால் லட்ச ரூபாயை நெருங்கும். சில துறைகள் வெளிநாட்டவருக்கும் கட்டண விலக்கு தருகின்றன, ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே கேட்க வேண்டும். இயற்பியலோ கணினியோ படித்தவர்கள் தயங்கி ஒதுங்குவதும் தேவையில்லாதது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பிஎச்.டி. முடித்த பிறகுதான் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராகச் சேர்ந்தார்.

ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல் வரும். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். கண்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான சோதனை) ஏன் வைத்தீர்கள், முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று வாய்விட்டு யோசியுங்கள். அவர்களிடம் கேட்கவும் சில கேள்விகள் வைத்திருங்கள். "கேட்க எதுவுமில்லை சார்" என்று பணிவாகச் சொல்வதை அங்கே ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இடம் கிடைத்துவிட்டால் பதற்றத்தில் அன்றே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நிதியுதவியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் தருவதாக அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. ஸ்டைபெண்ட் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்கும் அந்தக் கடிதம் வேண்டும். இரண்டு மூன்று இடங்கள் கிடைத்திருந்தால், போகப்போவதில்லை என்று முடிவான இடங்களுக்கு உடனே மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்கான அந்த ஓரிரு இடத்துக்காக வெயிட்லிஸ்டில் ஒருவர் காத்திருப்பார், ஏப்ரல் 15க்குப் பிறகு சொன்னால் அது பெரும்பாலும் அவருக்குப் போய்ச் சேராது.