பீட்டா பிளாக்கர் மாத்திரை: எதைக் கவனிப்பது, எதைச் செய்யக்கூடாது

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், புரோப்ரனோலால், கார்வெடிலால் என்று மருந்தின் பெயர் 'லால்' என முடிந்தால் அது பெரும்பாலும் பீட்டா பிளாக்கர்தான். பதற்றத்தில் உடல் சுரந்து இதயத்தை வேகப்படுத்தும் அட்ரினலின் இதயத்தில் வந்து ஒட்டும் இடங்களை இது அடைத்துக்கொள்கிறது. அதனால் துடிப்பின் வேகமும் விசையும் குறைகின்றன. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சிறுநீரகம் சுரப்பதும் குறைவதால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. பலனும் பக்கவிளைவும் இந்த ஓர் அடைப்பிலிருந்தே வருகின்றன என்பதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

"பிரஷர் நார்மலாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று விட்டுவிடுவதுதான் இந்த மருந்தில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. அட்ரினலின் ஒட்டும் இடங்கள் நாள்கணக்கில் அடைபட்டிருப்பதால், இதயம் புதிதாக அப்படிப்பட்ட இடங்களை உருவாக்கிக்கொள்கிறது. அடைப்பு ஒரே நாளில் விலகினால் இருக்கிற அட்ரினலின் முன்பைவிட அதிக இடங்களில் வேலை செய்யும். படபடப்பு வரும், இரத்த அழுத்தம் எகிறும். இதயக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். குழாய் அடைப்பு இருப்பது தெரியாமலே வாழ்பவர்கள் பலர் என்பதால் இந்த எச்சரிக்கை எல்லாருக்கும் பொருந்தும்.

நிறுத்த வேண்டியிருந்தால் மருத்துவரின் மேற்பார்வையில் 1 முதல் 2 வாரம், சில நேரம் அதற்கும் மேல், அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் கடும் உடலுழைப்பு வேண்டாம். கையில் 7 நாளுக்கான மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. வாந்தியால் ஒரு நாள் முழுக்க மாத்திரை உடம்பில் தங்கவில்லை என்றாலும் மருத்துவரை அழையுங்கள்.

நாடி பார்ப்பது

5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீரில்லாமல் விட்டுவிட்டு வந்தால் முழு 60 விநாடியும் எண்ணுங்கள். தொந்தரவு ஏதும் இல்லாமல் 50-க்கும் 60-க்கும் இடையே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 50-க்குக் கீழே போனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு அடுத்த மாத்திரையைப் போடுங்கள். கூடவே கண் இருட்டல், மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சகிக்கக்கூடியவை

முதல் சில வாரங்களில் அசதி, கை கால் சில்லிடுவது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவை சகஜம். பெரும்பாலும் தாமாகக் குறையும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். கார்வெடிலாலை உணவோடு சேர்த்துப் போட்டால் உடலில் மெதுவாகச் சேரும், தலைசுற்றலும் குறையும். புரோப்ரனோலாலும் மெட்டோப்ரோலாலும் கொழுப்பில் கரைந்து மூளைக்குள் எளிதில் போவதால் கெட்ட கனவுகள் வரலாம். அதைச் சொன்னால் மருத்துவர் வேறு வகைக்கு மாற்றித் தர முடியும். ஆண்மைக் குறைவும் அப்படியே. சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை ரகசியமாக விடுபவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நடைப்பயிற்சியில் இதயத்துடிப்பு இலக்கை வைத்துக்கொள்ள வேண்டாம், அந்த எண்ணை எட்டவே முடியாது. நடந்துகொண்டே பேச முடிகிறதா என்பதே அளவுகோல்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

ஆஸ்துமா இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லுங்கள். புரோப்ரனோலால் போன்றவை மூச்சுக்குழாயையும் சுருக்கும். அதைவிட மோசம், அவசரத்துக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். இதயத்தை மட்டும் குறிவைக்கும் பிசோப்ரோலால் போன்றவற்றில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

வெராபமில், டில்டியாசெம் இரண்டும் இதயத்தை மெதுவாக்குபவை. இதோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடுவதுதானே என்று பலர் அதைச் சொல்வதே இல்லை. ஐபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். மனச்சோர்வுக்கான ஃபுளுவோக்செட்டின், பரோக்செட்டின் இரண்டும் மெட்டோப்ரோலாலின் அளவை இரத்தத்தில் கூட்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் உடனே சொல்லுங்கள்: அட்டெனோலால் கருவின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும், மாற்றாக லேபெட்டலால் தரப்படுவது உண்டு. கடும் ஒவ்வாமை வந்து அட்ரினலின் ஊசி போடும் நிலை வந்தால், வழக்கமான அளவு போதாமல் போகலாம் என்பதால் இந்த மாத்திரை எடுப்பதை அங்கே முதலில் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் மயக்க மருந்து தருபவரிடம் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் எழுதிக் கொடுங்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று அன்று காலை மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள். ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாமா என்று முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் போடத்தான் சொல்வார்கள்.